ஒன்றேகால் வோல்ட்டில் விழித்தவர்கள்

புயல் போன பிறகு தாழைமுனைக்கு முதலில் திரும்பி வந்தது கரண்ட், அதற்கு அடுத்து வந்தவர்கள் கடலில் செத்துப்போனவர்கள். கரண்ட் வந்ததற்காவது பிள்ளைகள் தெருவில் இறங்கிக் கைதட்டினார்கள்; செத்தவர்கள் வந்ததற்கு யாரும் ஒரு சத்தமும் போடவில்லை. வள்ளங்களோடு காணாமல்போய், உடல் கிடைக்காமல், வெறும் பெட்டியை வைத்துக் கோயிலில் பூசையும் முடித்துவிட்ட அந்த ஆட்கள், ஒரு மத்தியான வேளையில் இடுப்பளவு தண்ணீரிலிருந்து கரையைப் பார்த்து நடந்து வந்தபோது, ஏலக்கூடத்தில் மீனுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தி வழிவிட்டு நின்றார்கள், அவ்வளவுதான். வந்தவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள். மூடிய கண்ணோடு அவரவர் தெருவில் திரும்பி, அவரவர் வீட்டு வாசலில் குனிந்து, உயிரோடு இருந்தபோது எந்த மூலையில் உட்கார்ந்தார்களோ அந்த மூலையில் போய் உட்கார்ந்தார்கள். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அந்தச் சட்டைகள் அதற்குப் பிறகு காயவே இல்லை.

கித்தேரி அன்றைக்குக் கரையில்தான் நின்றாள். ரேடியோ, போன் சார்ஜர், எமர்ஜென்சி விளக்கு என்று ஊரில் கெட்டுப்போவதையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவள் அவள்; கடை ஏலக்கூடத்துக்கு எதிரிலேயே இருந்தது. அவள் புருஷன் இஞ்ஞாசியும் ஒரே மகன் ரெமியும் ஒரே வள்ளத்தில் போனவர்கள். அன்றைக்கு வந்தவர்களில் இஞ்ஞாசி கடைசியாக வந்தான். அவனைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் அழவில்லை, அவனுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது, யாரும் வரவில்லை. செத்தவர்கள்தான் திரும்பி வருகிறார்கள் என்றால் வராதவன் சாகவில்லை என்று அவள் அந்த இடத்திலேயே முடிவு கட்டினாள். உடனே மணலில் முட்டிபோட்டுக் கைகளை விரித்து, “மாதாவே, எம் பிள்ளையை அனுப்பாம வச்சிருக்கியே, உனக்கு ஸ்தோத்திரம், உனக்குக் கோடி ஸ்தோத்திரம்!” என்று கடல் அதிரக் கத்தினாள். புருஷன் செத்து வந்து நிற்கும்போது ஒருத்தி இப்படிச் சந்தோஷப்படுவதைப் பார்த்து ஊர் முகம் சுளித்தது. ஆனால் பெற்ற வயிறு உள்ள யாரும் அவளைக் குறை சொல்லவில்லை.

ஊர் என்பது எதையும் சீக்கிரம் பழகிக்கொள்கிற ஒரு பிராணி. பங்குச்சாமி வீடு வீடாகப் போய்த் தீர்த்தம் தெளித்துப் பார்த்தார். தீர்த்தம் பட்டும் அவர்கள் அப்படியே இருந்ததால், இது பேய் இல்லை, வீட்டு ஆள்தான் என்று சொல்லிவிட்டார். செத்தவர்களை வீட்டில் வைத்திருப்பது சரியா என்று ஊர்க் கமிட்டி கூடிப் பேசியது. பேசியவர்களில் பாதிப்பேர் வீட்டு மூலையிலும் ஒரு தம்பியோ மருமகனோ நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தான், ஆகவே கூட்டம் டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தது. பூனைகள்தான் முதலில் ஒட்டிக்கொண்டன, அவர்கள் கால்விரல்களில் பூத்த உப்பை நக்கிக்கொண்டு அங்கேயே படுத்துக் கிடந்தன. பெண்கள் சமைத்து முடித்ததும் ஒரு தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்து, சற்று நேரம் பார்த்துவிட்டு, எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

கரண்ட் விஷயம் தற்செயலாகத்தான் தெரியவந்தது. கீழத்தெருவில் ஒரு வீட்டில் நைந்துபோன சார்ஜர் வயர் செத்தவரின் பெருவிரலில் பட்டிருக்கிறது, பட்டதும் அவர் கண்ணைத் திறந்து, “இன்னைக்குச் சாளை என்ன வெல போச்சு?” என்று கேட்டிருக்கிறார். அவர் பெண்டாட்டி மயக்கம் போட்டு விழுந்து, எழுந்து, விலையைச் சொன்னாள். விலை ரொம்பக் குறைச்சல் என்று அவர் வியாபாரிகளைத் திட்டினார். அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் இருந்த சார்ஜர்களெல்லாம் வயர் சீவப்பட்டுச் செத்தவர்களின் கைக்குப் போய்விட்டன. ஆனால் சிலருக்கு அது போதவில்லை, கண் இமை துடித்ததோடு சரி. சிலருக்கு அதுவே கூடிப்போய், உட்கார்ந்த இடத்தில் கை கால்களை அடித்துக்கொண்டு, “தண்ணி, தண்ணி ஏறுது” என்று அலறினார்கள். அந்த அலறல் கேட்ட வீடுகளில் அன்று அடுப்பு எரியவில்லை.

வந்தவர்களில் ஒருவனான தொம்மை கரைந்துபோனது அப்போதுதான். அவனுக்குச் சார்ஜர் போதவில்லை என்று கண்டதும் அவன் அண்ணன் தம்பிகள், கடற்கரைக்காரர்கள் கைக்கு எது முதலில் அகப்படுமோ அதைக் கொண்டுவந்தார்கள்: வள்ளத்தில் விளக்குப் போடுகிற பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. ஒரு வள்ளத்தையே வெளிச்சமாக்குகிற பேட்டரி ஒரு தம்பியை எழுப்பாதா என்று நினைத்தார்கள். தொம்மை எழுந்து நின்றான். பெண்டாட்டி சலேத்து முகத்தை நேராகப் பார்த்தான், வாயைத் திறந்தான், திறந்த வாயிலிருந்து கடல்தண்ணீர் கொட்டியது, கொட்டி முடித்தபோது சட்டைக்குள் ஆள் இல்லை, தரையில் உப்பு மட்டும் கிடந்தது. சலேத்து அந்த உப்பை முறத்தில் அள்ளிக்கொண்டு நேரே கித்தேரி கடைக்கு வந்தாள்.

“ஏளா கித்தேரி, நீதான கரண்டு படிச்சவ. இதை மறுபடி ஆளாக்க முடியுமா?” என்று கேட்டாள்.

“முடியாது மைனி.”

“அப்ப மத்த வீட்டுலயாவது இப்படி ஆவாம ஏதாவது செய்யி” என்று சொல்லிவிட்டு, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து பகலெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

கித்தேரி வேலையைத் தொடங்கினாள். ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப வாங்காத டேப் ரெக்கார்டரைப் பிரித்து டிரான்ஸ்பார்மரை எடுத்தாள். வீட்டுக் கரண்டை அது அடக்கிக் குறைத்துக் கொடுக்கும். குறைந்தாலும் அது முன்னும் பின்னுமாக ஓடுகிற கரண்ட், செத்தவர்களுக்கு அந்த ஆட்டம் ஆகாது. ஆகவே நாலு டையோடு வைத்து அதை ஒரே திசையில் ஓட வைத்தாள், ஓடுவதிலிருந்த நடுக்கம் போகப் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று வைத்தாள். அதற்குப் பிறகு மூன்று கால் ரெகுலேட்டர், அது சூடாகாமலிருக்க முதுகில் ஒரு அலுமினியத் தகடு, கூட்டிக் குறைக்க ரேடியோவில் சத்தம் வைக்கிறது போல் ஒரு திருகு, எவ்வளவு வருகிறது என்று காட்ட ஒரு மீட்டர், கடைசியில் சிவப்பு, கறுப்பு இரண்டு வயர்களின் நுனியில் பல் கிளிப்புகள். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடக்கினாள். முழுக்கக் குறைத்தாலும் ஒன்றேகால் வோல்ட்டுக்குக் கீழே அந்தப் பெட்டி இறங்காது, அந்த ரெகுலேட்டரின் குணம் அது. முதல் பெட்டியை இஞ்ஞாசிக்கு மாட்டி, சுவிட்சைப் போட்டாள்.

ஒன்றேகாலில் அவன் கண்ணைத் திறந்தான். திருகைக் கொஞ்சம் கூட்டியதும் அவளை அடையாளம் கண்டான். இன்னும் கொஞ்சம் கூட்டியதும், “ஏளா, தலையில எண்ணெய் வச்சு எத்தனை நாளாவுது, என்ன கோலம் இது?” என்றான். அதற்கு மேல் ஒரு மயிரிழை கூட்டியதும் அவன் பார்வை அவளைத் தாண்டி எங்கோ போனது, உதடு நீலமானது, கழுத்தை மேலே தூக்கி மூச்சுக்குத் தவித்தான். அவள் பயந்துபோய்க் குறைத்தாள். சாவு நினைவுக்கு வருகிற இடம் அது, அதைத் தாண்டினால் உப்பு என்று அவளுக்கு விளங்கியது. அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், பேச்சு இருந்து சாவு இல்லாத இடத்தில், திருகின் ஓரமாகத் தன் சிவப்பு நகப்பூச்சால் ஒரு குறி வைத்தாள்.

ஆளுக்கு ஆள் அந்தக் குறி மாறியது. உயிரோடு இருந்தபோது சண்டைக்கோழியாகத் திரிந்தவர்களில் சிலர் ஒன்றரையிலேயே கலகலவென்று பேசினார்கள், பூனை மாதிரி இருந்தவர்களுக்கு ஐந்து தாண்ட வேண்டியிருந்தது. கித்தேரி வீடு வீடாகப் போய்ப் பெட்டி மாட்டிக் குறி வைத்துக் கொடுத்தாள், ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. தாலியைக் கழற்றி வைத்திருந்த பெண்கள் சுவிட்சைப் போடும்போது எடுத்துக் கட்டிக்கொண்டு, அணைக்கும்போது கழற்றி வைத்தார்கள். ஒருத்தி அவசரத்தில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டிவிட, அவள் புருஷன் கல்யாணத்துக்கு முந்தின ஆளாகி, “நீங்க யாரு, எங்க அம்மையைக் கூப்பிடுங்க” என்று வெட்கப்பட்டான். அவள் அதற்குப் பிறகு பலமுறை வேண்டுமென்றே மாற்றி மாட்டினாள் என்று ஊரில் பேச்சு உண்டு. மத்தியானத்தில் கரண்ட் போய்விட்டால் எல்லா வீட்டிலும் பேச்சு பாதியில் நிற்கும், தெரு முழுக்கக் கடல் இரைச்சல் மட்டும் கேட்கும். கரண்ட் வந்ததும் விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார்கள். அந்த இடைவேளையில் எந்தப் பெண்ணும் வீட்டுக்குள் இருக்கமாட்டாள், பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பாள்.

இஞ்ஞாசி குறியில் இருக்கும்போது நல்ல மனுஷன். வலையைப் பற்றிப் பேசுவான், காற்று எந்தப் பக்கம் என்று கேட்பான், நடுவில் தவறாமல், “பய எங்க, கடைக்குப் போயிருக்கானா?” என்பான். சாவு ஞாபகம் இல்லாத இடத்தில் மகன் தன்னோடு வள்ளத்தில் ஏறியதும் அவனுக்கு ஞாபகம் இல்லை. “வருவான்” என்பாள் கித்தேரி. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அவள் உயிர் வாழ்ந்தாள். எதிர்க்கரையில் ஏதோ ஆஸ்பத்திரியில் பேர் ஊர் தெரியாத ஒரு பையன் கிடக்கிறானாம் என்று யாரோ சொல்லக் கேட்டு, அது ரெமிதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பூசையில் செத்தவர்களின் பெயர்களோடு அவன் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று பங்குச்சாமியிடம் சண்டை போட்டிருந்தாள். மற்ற வீடுகளில் கதவு தட்டினால் ஓடிப்போய்த் திறந்தார்கள், முதல் நாள் வராமல் பின்தங்கியவர்கள் இன்னும் ஒன்றிரண்டு பேராகக் கரையேறிக்கொண்டிருந்தார்கள். கித்தேரி வீட்டில் கதவு தட்டினால் அவள் யார் என்று குரல் கேட்காமல் திறக்கமாட்டாள். ஊரில் வேறு எந்தத் தாயும் தன் பிள்ளை வந்துவிடக் கூடாதே என்று செபமாலை உருட்டவில்லை.

கடைசியாக வந்தவருக்கும் பெட்டி போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நாள், கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சலேத்து மேசையின் கீழே குனிந்து பார்த்தாள்.

“ஏளா, எல்லா வீட்டுக்கும் பெட்டி போயாச்சே. இது யாருக்கு?”

கித்தேரி சாலிடரிங் கம்பியை வைத்துவிட்டுப் பார்த்தாள். அங்கே ஒரு பெட்டி இருந்தது. வயர், கிளிப், திருகு, மீட்டர் எல்லாம் இருந்தன. அதைச் செய்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

“ஏதாவது கெட்டுப்போனா மாத்துறதுக்கு மைனி.”

“மாத்துறதுக்குச் செஞ்சதுக்கு எதுக்கு நீலப் பெயின்ட்டு அடிச்சிருக்க? இது ரெமி சைக்கிளுக்கு அடிச்ச பெயின்ட்டுல்லா?”

கித்தேரி அந்தப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெயின்ட் இன்னும் முழுக்கக் காயவில்லை, அவள் விரல் நகத்துக்குள் நீலம் ஒட்டியிருந்தது. வாய் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கக் கை வேறொன்றைச் செய்திருந்தது. அவளுக்கு அப்படி ஒரு பயம் வந்தது, புயலன்றுகூட அவள் அப்படிப் பயப்படவில்லை.

“நான் அவியகிட்ட ரெமியப் பத்திக் கேக்கப்போறேன்” என்று எழுந்தாள்.

சலேத்து அவள் கையைப் பிடித்தாள். “கேக்கணும்னா குறியைத் தாண்டணும். தாண்டுனா என்ன மிஞ்சும்னு எம் முறத்துல பாத்தியே. ஒண்ணையாவது கையில வச்சுக்கிடு தாயி.”

“தெரியாம இருக்க முடியல மைனி” என்றாள் கித்தேரி.

வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டாள். இஞ்ஞாசி கண்ணைத் திறந்தான், காற்று மேற்கேயிருந்து வருகிற கச்சான்தானா என்று கேட்டான். அவள் முந்தானையால் அவன் முகத்திலிருந்த ஈரத்தை ஒற்றினாள். அவனைப் பிடிக்கும் அவளுக்கு. குடித்துவிட்டு வந்து சண்டை போட்ட நாட்களிலும் பிடிக்கும். திருகில் விரலை வைத்தாள்.

“இந்தாங்க. ரெமி எங்க?”

“கடைக்குப் போயிருப்பான். நீ சோத்தை வையி.”

அவள் குறியைத் தாண்டித் திருப்பினாள். அவன் கழுத்து மேலே எழும்பியது, கண் அகன்றது. “கித்தேரி, தண்ணி ஏறுது. கொற, கொற.”

“ரெமி எங்கங்க?”

“மிதக்குறதுக்குக் கேன் ஒண்ணுதான் இருந்துது. அவன் நெஞ்சோட சேத்துக் கெட்டிவிட்டேன். அது ரெண்டு நாளு தாங்கிச்சு. கேக்காத, கித்தேரி.”

“உசிரோட இருக்கானா?”

அவன் வாயை இறுக மூடிக்கொண்டான். மூக்கிலிருந்து கடல்தண்ணீர் வழிந்தது. அவள் அழுதுகொண்டே இன்னும் ஒரு மயிரிழை திருப்பினாள். தான் செய்வது கொலை என்று அவளுக்குத் தெரிந்தது, தெரிந்தும் விரல் நிற்கவில்லை.

“நாங்க ரெண்டு பேருந்தான் வந்தோம்” என்றான் இஞ்ஞாசி. “கரைக்கு வந்த அன்னைக்கு எஞ் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு எம் பின்னாலதான் வந்தான். நீ மணல்ல முட்டிபோட்டுச் சத்தம் போட்ட. எம் பிள்ளையை அனுப்பலன்னு மாதாவுக்கு ஸ்தோத்திரம் சொன்ன. அவன் கையை எடுத்துட்டான். நீங்க போங்கப்பா, நான் வந்தா அம்மாவுக்குத் தெரிஞ்சிரும், நான் இங்கனயே நின்னுக்கிடுதேன்னான். தண்ணிக்குள்ள முங்கி நின்னுக்கிட்டான்.”

“இப்பவும் நிக்கானா?”

“அங்கதான் நிக்கான். எத்தனை நாளா நிக்கான். பிள்ளைக்குக் கால் கடுக்கும், கூப்பிடு அவனை.”

அவள் பதறித் திருகைப் பின்னால் திருப்பினாள். மீட்டர் முள் இறங்கியது, ஆனால் இஞ்ஞாசியின் கன்னம் ஏற்கெனவே வெள்ளையாகியிருந்தது. அவன் அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான், சட்டை மெல்லச் சரிந்து தரையில் மடிந்தது, கிளிப்புகள் இரண்டும் உப்பில் விழுந்தன. கித்தேரி அந்த உப்பைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். அழுவதற்கு நேரம் இல்லை என்று எழுந்து, கதவைத் திறந்து போட்டுவிட்டு வெயிலில் நடந்தாள்.

உச்சி வெயிலில் கடல் பளபளவென்று கிடந்தது. ஏலம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அவள் தண்ணீர் காலில் படுகிற இடத்தில் நின்று, “ஏலே ரெமி, வாடா!” என்று கூப்பிட்டாள். அலை வந்து போனது. “அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு மக்கா. அப்பா சொல்லிட்டாவ. வெளிய வா” என்றாள். அலை வந்து போனது. கொஞ்ச தூரத்தில் ஓர் இடத்தில் மட்டும் அலை எதையோ சுற்றிப் பிரிந்து சேர்வதை அவள் பார்த்தாள். அவன் நம்பவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. சின்ன வயதில் கடலை விட்டு ஏற மறுக்கும்போது, அடிக்கமாட்டேன் வா என்று எத்தனை தடவை பொய் சொல்லி ஏற்றியிருக்கிறாள். எதிர்க்கரை ஆஸ்பத்திரி என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது தண்ணீருக்குள்ளும் கேட்டிருக்கும். அம்மா உள்ளுக்குள் தன்னை இன்னும் உயிரோடு எதிர்பார்க்கிறாள் என்று நினைத்துத்தான் அந்தக் கிறுக்குப் பிள்ளை நிற்கிறது. பெற்றவள் பொய் சொல்ல முடியாத பேச்சு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதை அவள் புருஷனுக்காகக்கூட இதுவரை பேசவில்லை.

கித்தேரி கொண்டையை அவிழ்த்துவிட்டாள். ஈரமணலில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்து, “போயிட்டியே மக்கா, என்னப் பெத்த ராசா, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே” என்று ஒப்பாரி வைத்தாள். பத்தொன்பது வயசுப் பிள்ளைக்கு வைக்கிற ஒப்பாரி. மாப்பிள்ளைக் கோலம் பார்க்காததைச் சொன்னாள், பேரப்பிள்ளை எடுக்காததைச் சொன்னாள், அவன் சைக்கிள் சாத்தின இடத்திலேயே நிற்பதைச் சொன்னாள், சாகும்போது பக்கத்தில் இல்லாமல் போனேனே என்று சொன்னாள். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் அது உண்மையாகிக்கொண்டே வந்தது, அவள் வயிறு அறுந்துகொண்டே வந்தது. முதலில் ஓடி வந்தவள் சலேத்து. அவள் கித்தேரியின் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுதாள். அதைக் கேட்டு மற்றப் பெண்களும் வந்து, தலையோடு தலை சேர்த்து, வட்டமாக உட்கார்ந்தார்கள். பங்குச்சாமி கோயில் வாசலுக்கு வந்து நின்று, துக்கமணி அடிக்கச் சொன்னார்.

மணி அடிக்கத் தொடங்கியபோது, அலை பிரிந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு தலை தெரிந்தது. பிறகு தோள் தெரிந்தது, நெஞ்சில் கட்டிய கேன் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, நெடுநேரம் நின்று மரத்துப்போன காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து அவன் வந்தான். கித்தேரி அவனைப் பார்த்தாள். ஓடிப்போய்த் தூக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் பறந்தது. ஆனால் அழுகையை நிறுத்தினால் அங்கேயே நின்றுவிடுவானோ என்று, அவன் தண்ணீரைத் தாண்டி மணலுக்கு வந்து தன் பக்கத்தில் ஈரத்தோடு உட்காரும் வரைக்கும், எம் பிள்ளை செத்துப்போயிட்டானே, எம் பிள்ளை செத்துப்போயிட்டானே என்று குரல் இறங்காமல் அழுதுகொண்டே இருந்தாள்.